பியானோக் கலைஞர்களின் கைகள் எங்கே போயின?

கரித்துண்டு:

நான் தொழில்முறை ஓவியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கரித்துண்டால் ஓர் இசைக்கலைஞரை வரைவது இரண்டு வருடப் பழக்கம். ட்ரம்பெட்காரர்கள், சாக்சபோன்காரர்கள் எல்லாரும் முடிந்துவிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள், முகம், கை, கருவி மூன்றையும் ஒரே இடத்தில் குவித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதமாக ஜாஸ், ப்ளூஸ் பியானோக் கலைஞர்களைப் பிடித்திருக்கிறேன். படாத பாடு படுத்துகிறார்கள்.

முதல் தொல்லை, கை. பத்துப் படம் எடுத்தால் ஏழில் கை தெரிவதில்லை. முகமும் தோளும் இருக்கும், பிறகு ஒரு பெரிய கறுப்புப் பலகை, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மனிதர் பேர் வாங்கியதே கையால். அந்தக் கையை ஏன் யாரும் எடுத்து வைக்கவில்லை?

இரண்டாவது, ஓர் அவமானம். எங்கோ ஒரு பக்கத்தில் கிடைத்த, ஜாஸ் பியானோக்காரர் டெடி வில்சன் படத்தைப் பார்த்து, மூன்று வாரம் இழைத்து இழைத்து வரைந்தேன். பியானோ வாசிக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில், "இவர் பியானோவின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டார். படமே இடவலம் மாறிப் பதிவாகியிருந்திருக்கிறது. நான் கறுப்புக் கட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தேன்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. சரியாகத்தானே இருந்தது? வரைய உட்காருவதற்கு முன்பே இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

மூன்றாவது கேள்வியே இல்லை, புலம்பல். இவர்கள் யாருமே கேமராவைப் பார்ப்பதில்லை. எங்கே பார்க்கிறார்கள்?

எண்பத்தெட்டுக் கட்டை:

உங்கள் நண்பருக்கு என் வணக்கம். பியானோவுக்குச் சுருதி கூட்டுவது என் வேலை. படத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் மூடியைப் பார்த்துப் பழகியவன்.

கிராண்டு பியானோவில் ஒரு பக்கம் நேராக நீண்டிருக்கும், மறுபக்கம் வளைந்திருக்கும். நேரான பக்கம் வாசிப்பவரின் இடக்கைப் பக்கம், தடித்த கம்பிகள் ஓடும் இடம். மூடியின் கீல் அங்கேதான் இருக்கிறது. அதனால் மூடி எப்போதும் வலக்கைப் பக்கமாகத்தான் வாய் திறக்கும். திறந்த வாய் நம்மைப் பார்த்திருந்தால், வாசிப்பவர் படத்தின் இடது ஓரத்தில் உட்கார்ந்து வலப்பக்கம் நோக்கித்தான் இருக்க வேண்டும். கச்சேரி மேடைகளில் பியானோவை அப்படிப் போடுவதற்குக் காரணமே ஒலி கேட்பவர்கள் பக்கம் வர வேண்டும் என்பதுதான். உங்கள் வில்சன் வலது ஓரத்தில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்த்திருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கட்டைகளை எண்ணியதில்தான் ஏமாந்தீர்கள். இரட்டைக் கறுப்புக்கு நடுவே இருக்கும் வெள்ளைக் கட்டையை மையமாக வைத்துப் பாருங்கள். இருபுறமும் ஒன்றுபோலவே விரியும். கண்ணாடியில் பிடித்தாலும் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்றுதான். ஓரங்கள்தான் காட்டிக்கொடுக்கும். 88 கட்டை உள்ள பியானோவின் இடது ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை துணையில்லாமல் நிற்கும். வலது ஓரத்தில் மூன்று கறுப்பு முடிந்து, இரண்டு வெள்ளையோடு நிற்கும். அந்த ஒற்றைக் கறுப்பு படத்தின் வலப்பக்கம் இருந்தால், படம் பியானோவின் பின்னாலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புரட்டப்பட்டிருக்க வேண்டும்.

கட்டைகளே தெரியாத படமென்றால் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் மார்புப் பை இடப்பக்கம் இருக்கும், பொத்தானும் இடது மடிப்பு மேலாகத்தான் மூடும். அந்தக் காலத்து ஜாஸ்காரர்கள் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக மேடையேறியது நமக்குச் செய்த பெரிய உபகாரம்.

இந்தத் தொல்லை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நியூ ஆர்லியன்ஸின் ஆரம்பகால ஜாஸ் கலைஞர் பட்டி போல்டனுக்கு அறியப்பட்ட படம் ஒன்றே ஒன்றுதான். 1905ஐ ஒட்டி எடுத்தது, மூலப்பிரதி கிடையாது. அது எந்தப் பக்கம் சரி என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். ஒரு பக்கம் வைத்தால் கிட்டாரும் டபுள் பாஸும் இடதுகைக்காரர்கள் கைக்குப் போய்விடுகின்றன. புரட்டினால் கிளாரினெட்காரர்களின் கைகள் இடம் மாறுகின்றன. அந்தக் குழுப் படத்தில் பியானோ இல்லை. இருந்திருந்தால் வழக்கு ஒரே நாளில் முடிந்திருக்கும்!

பழைய நெகட்டிவ்:

கையைப் பற்றி நான் சொல்கிறேன். கேமராக்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் நின்ற இடம் அப்படி.

நெருக்கமான கிளப். மேடை கையகலம். பியானோ சுவரை ஒட்டியோ மூலையிலோ கிடக்கும். கையைப் பிடிக்க வேண்டுமென்றால் வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே டிரம்ஸ் இருக்கும். முன்னால் நின்றால் மூடியும் இசைத்தாள் வைக்கும் பலகையும் மறைக்கும். மிஞ்சுவது பக்கவாட்டு. அங்கிருந்து முகம் கிடைக்கும், அருகிலிருக்கும் ஒரு கை கிடைக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு மெருகேற்றிய கறுப்பு மரம் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும்.

வில்லியம் காட்லீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1938இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வாராவாரம் ஜாஸ் பற்றி எழுதிக்கொண்டிருந்த இளைஞர். படமெடுக்க ஆள் அனுப்ப நாளிதழ் செலவழிக்கவில்லை என்பதால், தானே ஒரு ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிப் பழகியவர். ஒவ்வொன்றாகப் போட வேண்டிய தாள் ஃபிலிம்; ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு ஃபிளாஷ் பல்பு எரிந்து தீரும்; செலவு சொந்தப் பை. அதனால் ஓர் இரவில் மூன்று நான்கு படங்களுக்கு மேல் எடுக்கமாட்டார். இன்று கைபேசியில் ஒரு நிமிடத்தில் நாற்பது படம் எடுக்கும் நமக்கு அது புரியவே புரியாது. வாசிப்பதை நன்றாகக் கேட்டு, இந்த ஆள் எந்த இடத்தில் தானாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அழுத்த முடியும்.

உங்களுக்கு அவரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1,600க்கும் மேற்பட்ட அவருடைய படங்களை 1995இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் வாங்கியது. அவர் விருப்பப்படியே 2010 பிப்ரவரி 16 முதல் அவற்றின் பதிப்புரிமை நீங்கி, எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. நூலகமே நல்ல தரத்தில் வலையேற்றியிருக்கிறது. கண்ட பக்கத்திலிருந்து எடுத்து வரைவதை விட்டுவிட்டு அங்கே போங்கள். 1947 செப்டம்பரில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் எடுத்த, பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் படங்கள் இருக்கின்றன. டியூக் எலிங்டனை ஒப்பனை அறைக் கண்ணாடியில் பிடித்த படமும் உண்டு. அதில் அவர் இடவலம் மாறியிருந்தால் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கைதான் வேண்டும் என்றால் பிரான்சிஸ் வுல்ஃப். பெர்லினில் புகைப்படக்காரராக இருந்தவர், 1939இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி நியூயார்க் வந்து, நண்பர் ஆல்ஃபிரட் லயனோடு ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். அந்த நிறுவனத்தின் முதல் ஒலிப்பதிவே இரண்டு பியானோக்காரர்களுடையது: 1939 ஜனவரி 6 அன்று ஆல்பர்ட் அம்மன்ஸும் மீட் லக்ஸ் லூயிஸும் வாசித்தார்கள். வுல்ஃப் படமெடுத்தது பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில். கூட்டம் இல்லை, மேஜை இல்லை, பியானோவைச் சுற்றி நடக்கலாம். 1950களில் அந்தக் கூடம் எது தெரியுமா? நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறை. அவ்வளவு அருகில் நின்றதால்தான் பியானோக்காரர் ஹொரஸ் சில்வரின் நெற்றி வியர்வைகூட நமக்குக் கிடைத்தது.

ஹெர்மன் லியனார்ட் எடுத்த படங்களையும் பாருங்கள். பின்னால் ஒரு விளக்கு, நடுவில் சிகரெட் புகை. அழகு என்றால் அதுதான்.

கரித்துண்டு:

எண்பத்தெட்டுக் கட்டை அவர்களே, பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். வில்சன் இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்புப் பையையும் வலப்பக்கம் மிகுந்த அக்கறையோடு வரைந்து, ஒரு கைக்குட்டையும் சொருகியிருக்கிறேன்.

பழைய நெகட்டிவ் அவர்களே, காட்லீப் தொகுப்பில் இரண்டு இரவுகள் போய்விட்டன. நன்றி. ஆனால் லியனார்டின் புகை எனக்கு ஒத்துவராது. அது அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புகையே படத்தின் நாயகனாகி, மனிதர் அதற்குப் பின்னால் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். கரித்துண்டால் புகை வரைவது எளிது, விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும். அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை வரவில்லை. 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் அவருடைய பிரதிகள் ஆயிரக்கணக்கில் வெள்ளத்தில் அழிந்ததைப் படித்தபோது மட்டும் நெஞ்சு அடைத்தது. நெகட்டிவ்கள் தப்பின என்று அடுத்த வரியில் இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

மாங்க்கின் விரல்களை வரையத் தொடங்கியிருக்கிறேன். கை வரையச் சொல்லித்தரும் நூல்களில் எல்லாம் பியானோ வாசிக்கும் கை ஒரு பந்தைப் பிடித்ததுபோல் வளைந்திருக்கும். இந்த மனிதர் விரலைப் பலகைபோல் நீட்டி வைத்து அடிக்கிறார், அதிலும் தடித்த மோதிரம் போட்டுக்கொண்டு. மூன்று முறை வளைத்து வரைந்து மூன்று முறையும் அழித்தேன். என் கைக்கு நூல் சொன்னது ஊறிப்போயிருக்கிறது.

பின்வரிசை:

ஜாஸையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் இல்லாவிட்டாலும் கேள்வியில் ப்ளூஸும் இருந்தது என்று நினைவூட்டுகிறேன்.

ப்ளூஸ் பியானோக்காரருக்குக் கிராண்டு பியானோவும் திறந்த மூடியும் வாய்த்தது அபூர்வம். மது விடுதியின் சுவரோரம் சாத்திய, நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோதான். வாசிப்பவர் சுவரைப் பார்ப்பார், அறை அவர் முதுகைப் பார்க்கும். முன்னால் கிட்டாரோடு பாடுபவர் நிற்பார், கேமரா அவரிடம் போய்விடும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பான் எத்தனை வருடம் வாசித்தார்! அந்த ஒலிக்கு அவர்தான் பாதி. குழுப் படங்களில் அவரைத் தேடிப் பாருங்கள், ஓரத்தில் பாதித் தோளோடு இருப்பார். முந்தைய தலைமுறை இன்னும் மோசம். 1935இல் இறந்த லெராய் கார் என்ற பியானோக்காரர் அந்தக் காலத்தில் இசைத்தட்டில் கொடிகட்டிப் பறந்தவர். கிடைப்பவை மிகச் சில படங்கள்.

நல்ல படங்கள் வந்தது அவர்கள் கடல் தாண்டிய பிறகு. 1962இல் பியானோக்காரர் மெம்பிஸ் ஸ்லிம் பாரிஸில் குடியேறினார். அதே வருடம்தான் ஐரோப்பாவில் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் சுற்றுப்பயணங்கள் தொடங்கின. ஊரில் சுவரைப் பார்த்து வாசித்தவர்களை அங்கே மேடை நடுவில் உட்காரவைத்தார்கள். லண்டனின் வாலரி வில்மர் எடுத்தவற்றைத் தேடிப் பாருங்கள். புகைப்படக்காரர், எழுத்தாளர் இரண்டும் அவர். இந்த இசைக்கலைஞர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காத கண்.

இனி கை. இரண்டு பேரை வரையுங்கள், ஆனால் படத்தைப் புரட்டிவிடாதீர்கள். பைன்டாப் பெர்கின்ஸ் முதலில் கிட்டார்காரர். 1940களில் ஆர்கன்சாவின் ஹெலினாவில் நடந்த ஒரு கைகலப்பில் கத்தி பட்டு இடது கையின் தசைநாண்கள் அறுந்தன. கிட்டாரை விட்டுவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தார். 1969இல் ஸ்பான் விட்ட இடத்தில் மடி வாட்டர்ஸ் குழுவில் சேர்ந்தவரும் அவர்தான். இன்னொருவர் ஹொரஸ் பார்லன், ஜாஸ்காரர், ஆனால் உள்ளே முழுக்க ப்ளூஸ். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலக்கையின் சில விரல்கள் சரியாக இயங்கவில்லை. இடக்கையைத்தான் பெரிதாக வளர்த்தார். பார்லன் படத்தைப் புரட்டி வரைந்தால் கோட்டுப் பை மட்டும் மாறாது, அவர் வாழ்க்கையே கை மாறிப் போய்விடும்.

இன்னொன்று, இது சிரிக்க. ஜாஸ் பியானோக்காரர் எரல் கார்னர் குள்ளமான மனிதர். பியானோ இருக்கையில் தடித்த தொலைபேசி விவரப் புத்தகங்களைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வாசிப்பார். அவர் படம் கிடைத்தால் முகத்தை விட்டுவிட்டு முதலில் இருக்கையைப் பாருங்கள்.

நாலு தந்தி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. புலம்பல் என்று நீங்களே சொல்லிவிட்டதால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் டபுள் பாஸ் வாசிப்பவன், எனக்கு விடை தெரியும். அவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல குழுக்களில் பாஸ்காரர் பியானோவின் தாழ்ந்த சுரப் பக்கமாக, வாசிப்பவரின் இடக்கை தெரியும்படி நிற்பார். அடுத்து எந்தச் சுரக்கூட்டுக்குப் போகிறார் என்று காதுக்கு ஒரு நொடி முன்னால் கண் சொல்லிவிடும். பியானோக்காரர் தலை தூக்கினால் முதலில் தட்டுப்படுவது பாஸ்காரர், அப்புறம் டிரம்ஸ்காரர். பாட்டை முடிக்கலாமா, இன்னொரு சுற்றுப் போகலாமா, எல்லாம் புருவத்தில்தான். நீங்கள் இத்தனை நாள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வரைந்திருந்தால் அந்தப் பார்வை அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து வரையுங்கள். பியானோக்காரர் பில் எவான்ஸ் மட்டும் விதிவிலக்கு. அவர் தலை கட்டைகளைத் தொடுமளவு கவிழ்ந்திருக்கும், யாரையும் பார்க்கமாட்டார். அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை பாஸ்காரர் ஸ்காட் லஃபாரோவுக்கு. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் டிரம்ஸ்காரர் பால் மோஷியனோடு மூவருமாக வாசித்தார்கள். பதினோராவது நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்த ஆண்டு எடுத்த மூவர் படம் எதைப் பார்த்தாலும் என் கண் பாஸ்காரர் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறது.

நாங்கள் பார்க்கும் இடத்திலிருந்தே எடுத்த படங்களும் உண்டு. மில்ட் ஹின்டன் பெரிய பாஸ்காரர், கேப் காலோவே குழுவில் வருடக்கணக்கில் வாசித்தவர். 1935இல் கையில் கேமரா வந்ததிலிருந்து ரயிலில், ஒலிப்பதிவு இடைவேளையில், விடுதி அறையில் என்று எடுத்துத் தள்ளினார். எல்லாம் வாசிப்பவர்கள் வேலை செய்யாத நேரம். தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், நிறவெறிப் பலகை தொங்கும் வாசலில் நிற்கிறார்கள். வெளியாள் வந்து எடுத்தால் அந்த முகங்கள் இப்படித் தளர்ந்திருக்காது.

உடன் வாசிப்பவர்கள் என்றால் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று காட்லீப் எடுத்தது, 1947இல் ஹார்லெமில் பியானோக்காரர் மேரி லூ வில்லியம்ஸ் வீட்டில். டிசி கில்லெஸ்பி, டாட் டாமரன், ஹாங்க் ஜோன்ஸ், ஜாக் டீகார்டன் எல்லாரும் அவர் வீட்டில் கூடியிருக்கிறார்கள். வேலை முடிந்த பின்னிரவில் இளைஞர்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்த வீடு அது. இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்தது. 1958 ஆகஸ்ட் 12 காலை, கிழக்கு 126ஆம் தெரு 17ஆம் எண் வீட்டுப் படிக்கட்டில் ஆர்ட் கேன் எடுத்தது. எஸ்குயர் இதழில் 1959 ஜனவரியில் வந்தது. 57 பேர். பத்து மணிக்கு வரச் சொன்னது இரவெல்லாம் வாசிப்பவர்களை என்பதை நினைத்தால் 57 என்பதே அதிசயம். மேரி லூ, ஹாங்க் ஜோன்ஸ், கில்லெஸ்பி மூவரும் இரண்டு படத்திலும் இருக்கிறார்கள், நடுவில் பதினோரு வருடம்.

ட்ரம்பெட்காரர் நினைத்தால் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வரலாம். பியானோக்காரரால் முடியாது. அதனால் அந்தப் படிக்கட்டுப் படத்தில் பியானோக்காரர்களைத் தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டு. மாங்க் வெளிர் நிறக் கோட்டில் மேரி லூவுக்கும் மரியன் மெக்பார்ட்லண்டுக்கும் பக்கத்தில் நிற்கிறார். எல்லாரும் கறுப்பில் வருவார்கள் என்று கணக்குப் போட்டு உடுத்தியது என்பார்கள். கவுண்ட் பேசி என்ற பியானோக்காரர் கால் கடுத்துப்போய்ச் சாலையோரக் கல்லில் உட்கார, தெருப் பிள்ளைகள் அவரோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். வில்லி 'தி லயன்' ஸ்மித் வந்திருந்தும் படத்தில் இல்லை. நின்று அலுத்து, பக்கத்து வீட்டுப் படியில் போய் உட்கார்ந்த நேரத்தில் சொடுக்கிவிட்டார்கள். தொப்பியும் சுருட்டுமாக எப்போதும் படத்துக்குத் தயாராக இருந்த மனிதர்!

பழைய நெகட்டிவ்:

நாலு தந்தி சொன்னதும் நினைவுக்கு வந்தது. புகைப்படக்காரர் எஸ்தர் பப்ளி 1952இல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் நடத்திய ஒலிப்பதிவில் எடுத்த படங்கள். பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், பாஸில் ரே பிரவுன், சுற்றிலும் சார்லி பார்க்கர், ஜானி ஹாட்ஜஸ், பென் வெப்ஸ்டர். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களைத்தான் அந்த அம்மையார் அதிகம் எடுத்திருக்கிறார். வாசிக்கும் முகத்தைவிடக் கேட்கும் முகம் வரையக் கடினம் என்று நினைக்கிறேன். முயன்று பார்த்துச் சொல்லுங்கள்.

கரித்துண்டு:

சொல்கிறேன், ஆனால் இப்போது முடியாது. இந்த வாரம் கவுண்ட் பேசியும் தெருப் பிள்ளைகளும். கல்லில் உட்கார்ந்திருப்பவருக்குப் பியானோ இல்லை, கட்டை இல்லை, மூடி இல்லை. ஆறு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக வரைகிறேன். பக்கத்துப் படியில் வில்லி ஸ்மித்தையும் உட்காரவைத்துவிடலாமா என்று ஆசை வந்தது. கேன் விட்டதை நான் சேர்ப்பது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

எண்பத்தெட்டுக் கட்டை சொன்ன கணக்குப்படி பழைய படங்களை எல்லாம் எடுத்துச் சோதித்தேன். இன்னொன்றும் புரண்டிருக்கிறது. வில்சனை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. மூன்று வாரம் ஆயிற்றே. நேற்று இரவு அதைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். மனிதர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், மூடி சரியான பக்கம் திறந்தது, கைக்குட்டை இடது மார்புக்குப் போய்விட்டது. கீழே என் கையொப்பம் மட்டும்தான் தலைகால் புரியாமல் நின்றது.